வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

கல்லலிலிருந்து காரைக்குடி, தேவகோட்டை, காளையார்கோவில் என்று எந்தத் திசையில் போனாலும் ‘நிலம் விற்பனைக்கு’ என்ற பலகை கண்ணில் படும். கைப்பேசியில் சுற்றும் விளம்பரங்கள் இன்னும் விவரமானவை. பத்து ஏக்கர், இருபது ஏக்கர், ஒரே பட்டா, செம்மண் பூமி, சுற்றிலும் கம்பி வேலி, ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு. பாதி இடத்தில் தேக்கும் மகோகனியும், மீதியில் தீவனப்புல். மழை பெய்தால் ஒரு போகம் நெல்லும் வைக்கோலும். கடைசி வரி மட்டும் எதிலும் மாறாது: வில்லங்கம் இல்லை.

புல்லும் மரமும் என்ற இந்தச் சேர்க்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நெல் என்றால் நாற்றுப் பறிக்க, நட, களையெடுக்க, அறுக்க, கட்டுச் சுமக்க, களத்தில் அடிக்க என்று ஒவ்வொரு வேலைக்கும் ஆள் வேண்டும். அந்த ஆள் இந்த மண்ணில் பெரும்பாலும் சேரியிலிருந்து வருகிறவர், அதிலும் பெண். மரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கன்று ஊன்றி இரண்டு கோடை தண்ணீர் காட்டிவிட்டால் அது தன் பாட்டுக்கு வளரும். சவுக்கும் தைலமரமும் சில வருடங்களில் காகித ஆலைக்கு லாரி ஏறும். தேக்குக்கு இருபது வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், ஆனால் காத்திருக்க முடிந்தவர்தான் அதை நடுகிறார். தீவனப்புல்லை ஒரே ஒரு காவலாளி அறுத்துக் கட்டி, மாடு வைத்திருப்பவருக்கு விற்றுவிடலாம். நெல்லே போட்டாலும் அறுவடை இயந்திரம் முன்னே போகிறது, வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் பின்னே போகிறது. நிலத்தின் உடைமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு மாதம் ஒருமுறை காணொளி அழைப்பில் தோப்பைப் பார்த்துக்கொள்ளலாம். ஊரில் இல்லாத முதலாளிக்கென்றே அளவெடுத்துத் தைத்த விவசாயம் இது.

விற்கிறவர்களும் பெரும்பாலும் ஊரில் இல்லாதவர்கள்தான். கண்மாய் நிறைவது எப்போதாவது நடக்கும் அதிசயமாகிவிட்டது. பிள்ளைகள் படித்து வெளியேறிவிட்டார்கள். பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது நிலத்தைவிடப் பணம் பிரிக்க எளிது. பல தலைமுறைகளாகச் சாதி அதிகாரத்தின் அடித்தளமாக இருந்த நிலத்தை, அதை வைத்திருந்த சாதிகளே கைமாற்றிக்கொண்டிருக்கும் காலம் இது. அப்படியானால் அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நிமிர்ந்தவர்கள் கைக்கு அதில் கொஞ்சமாவது வர வேண்டாமா? ஏன் வரவில்லை?

‘காசு இல்லை, அதனால் வாங்கவில்லை’ என்பது சுலபமான பதில். பாதி உண்மையும்கூட. மீதிப் பாதிக்கு 1931க்குப் போக வேண்டும்.

சிவகங்கை அப்போது தனி மாவட்டம் இல்லை. இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்துக் கள்ளர் நாட்டார்கள் கூடி, ஒடுக்கப்பட்ட சாதியினர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அப்படியும் மக்கள் பணியவில்லை. எனவே 1931 ஜூனில் மறுபடி கூடிப் பதினொரு தடைகளாக அதை விரித்தார்கள். இதைப் பதிவு செய்திருப்பவர் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன். முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, பொன்நகை அணியக் கூடாது, திருமணத்தில் மேளம் கூடாது என்ற தடைகளை நாம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். அதே பட்டியலில் நிலத்தைப் பற்றியும் கால்நடையைப் பற்றியும் வைக்கோலைப் பற்றியும் இருப்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஆதிதிராவிடர்களும் தேவேந்திரர்களும் மிராசுதாரரிடம் வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுத்துப் பயிர் செய்யக் கூடாது. தங்களுக்கென்று சொந்த நிலம் இருந்தால் அதை ஊர் மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் தராமலேயே மழையை நம்பி ஏதாவது விளைந்தால், அறுவடைக்கு வரும் நேரத்தில் அது கொள்ளையடிக்கப்படும். பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாடுகளை மேய்க்கலாம். பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், தலையில் சும்மாடாக வைக்கோலைத்தான் வைக்க வேண்டும், துணியைச் சுருட்டி வைக்கக் கூடாது.

இதைச் சாதி வெறி என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் அதன் கணக்கு நமக்குப் புரியாது. இது ஒரு நில ஏற்பாடு. யார் விற்க வேண்டும், யாரிடம் விற்க வேண்டும், என்ன விலைக்கு, விற்காவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லாவற்றையும் வரையறுத்த ஏற்பாடு. சொந்த நிலம் வைத்திருந்த தலித்துகள் இருந்தார்கள் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. இல்லாத நிலத்தை விற்கச் சொல்லி யாரும் தடை போடமாட்டார்கள். அவர்களிடம் நிலம் இருந்தது, அது கண்ணை உறுத்தியது.

இந்தப் பகுதியின் பிற்கால வரலாறும் அதே தடத்தில்தான் போகிறது. தேவகோட்டையை அடுத்த உஞ்சனையில் 1979இல் புரவியெடுப்பில் பங்கு கேட்டதற்காக ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கண்டதேவித் தேரின் வடத்தைத் தொடும் உரிமைக்காக 1990களில் இருந்து நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர் 2024 ஜூனில் போலீஸ் காவலோடு ஓடியது. 2018 மே மாதம் கச்சநத்தத்தில் மூவர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2022இல் அந்த வழக்கில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கச்சநத்தம் மக்கள் சொந்த நிலத்தில் பயிர் செய்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். கோயில் மரியாதை, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தது என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அவற்றுக்குக் கீழே கிடந்தது, கூலிக்கு வராத தலித்தைப் பார்க்கச் சகிக்காத மனம்.

இப்போது விளம்பரத்துக்குத் திரும்புவோம். வில்லங்கச் சான்று என்பது என்ன? அந்த நிலத்தின் மீது பதிவான அடமானம், விற்பனை, பாகப்பிரிவினை ஆகியவற்றின் பட்டியல். 1931இன் தடைகள் அதில் வராது. ‘இந்த நிலத்தை இன்ன சாதிக்கு விற்பதில்லை’ என்று ஊர் எடுத்த முடிவும் வராது. அமெரிக்காவில் வெள்ளையர் குடியிருப்புகளில் கறுப்பின மக்களுக்கு வீட்டை விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். எழுத்தில் இருந்ததால்தான் அதை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. அந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது; இனத்தைக் காட்டி வீடு விற்க மறுப்பதே சட்டவிரோதம் என்று 1968இல் சட்டம் வந்தது. நம் ஊரில் எழுதவே தேவையில்லை. தரகருக்குத் தெரியும், கர்ணம் காலத்திலிருந்து எல்லாருக்கும் தெரியும். பேச்சு தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் ‘தம்பிக்கு எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தத் தெரு’ என்ற கேள்வி வந்துவிடும். அதற்குப் பிறகு விலை ஏறும், அல்லது பங்காளி ஒருவர் கையெழுத்துப் போட மறுப்பார், அல்லது நிலம் நேற்றே முடிந்துவிட்டதாகச் சொல்வார்கள். யாரும் யாரையும் திட்டுவதில்லை. தேநீர்கூட வாங்கித் தருவார்கள்.

நம் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தலித்தின் நிலத்தைப் பறிப்பதையும் அவருடைய நீர்ப்பாசன உரிமையில் குறுக்கிடுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. 2015 திருத்தம் அதை இன்னும் தெளிவாக்கியது. ஆனால் விற்க மறுப்பதை அது குற்றம் என்று சொல்லவில்லை. உச்ச நீதிமன்றமோ 2005இல் குஜராத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், தங்கள் சமூகத்தார் அல்லாதவருக்கு விற்பதில்லை என்ற சங்கத்தின் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. பம்பாயிலும் அகமதாபாத்திலும் ‘சைவம் மட்டும்’ என்று வீடு தேடுவோரை வடிகட்டுவதற்கு இப்படிப்பட்ட தீர்ப்புகள் எவ்வளவு வசதி என்று விளக்க வேண்டியதில்லை.

செட்டிநாட்டில் நின்றுகொண்டு நிலத்தையும் மரத்தையும் பேசும்போது பர்மாவைப் பேசாமல் இருக்க முடியாது. இந்தப் பகுதியின் பெரிய வீடுகளில் நிற்கும் தேக்குத் தூண்கள் கீழ்பர்மாவின் நெல்வயல்களில் கடன் கொடுத்துச் சம்பாதித்த பணத்தில் வந்தவை. 1930இல் கீழ்பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை சரிந்த பெருமந்தத்தில் கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் வயல்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி, 1938இல் அது 25 சதவீதம் ஆனது. கிட்டத்தட்ட 25 லட்சம் ஏக்கர். சுதந்திர பர்மா 1948இல் நிலத்தைத் தேசவுடைமையாக்கியதும் அந்தக் கதை முடிந்தது. எட்டே வருடத்தில் சந்தையின் வழியாகக் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிலம் கைமாற முடிந்திருக்கிறது. அதே சந்தை, கல்லலைச் சுற்றியுள்ள ஒரு கிராமத்தில் ஒரு நூற்றாண்டாகக் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கரைக் கைமாற்றித் தரவில்லை. சந்தைக்குச் சாதி தெரியாது என்று பாடம் நடத்தும் பொருளாதார அறிஞர்கள் ஒருமுறை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய், இடித்த வீடுகளின் தூண்கள் விற்பனைக்கு அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வரலாம். தூண் யாருக்கு வேண்டுமானாலும் விற்கப்படும். அது நின்ற மண்ணுக்குத்தான் வேறு விதி.

மரத்துக்கும் நிலவுடைமைக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. 1961இல் தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு வைத்தார்கள். 1970இல் அது 15 ஆனது. ஆனால் பழத்தோப்புக்கும் விறகு மரம் வளர்க்கும் நிலத்துக்கும் அந்தச் சட்டத்திலேயே விலக்கு எழுதப்பட்டிருந்தது. உழுகிறவனுக்கு நிலம் என்று வந்த சட்டத்தில், உழவே தேவைப்படாத நிலத்துக்குப் பாதுகாப்பு! விலக்குகளில் சில பின்னர் குறைக்கப்பட்டன. அதற்குள் மரமும் அறக்கட்டளையும் பினாமியும் தங்கள் வேலையை முடித்திருந்தன. உபரி என்று எடுத்து மாநிலம் முழுவதும் பகிர்ந்தளிக்கப்பட்டது சுமார் இரண்டு லட்சம் ஏக்கர்தான்.

இதற்கு எழுபது வருடம் முன்பு, செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையின் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாக இயக்கங்கள் சொல்லிவருகின்றன. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் எவ்வளவு இன்று தலித்துகள் கையில் இல்லை என்பதைக் காரணை சொல்லும். அங்கே 1994 அக்டோபர் 10 அன்று பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். சிவகங்கை இதிலும் வேறு வகை. இது ஜமீன் சீமை. தரிசு அரசின் கையில் நேரடியாக இருந்த ரயத்துவாரிப் பகுதிகளில் செய்ததைப் போல இங்கே ஒரு பிரிட்டிஷ் ஆட்சியர் நினைத்தாலும் நிலத்தை எடுத்துக் கொடுத்திருக்க முடியாது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு பட்டா எழுதியபோது, யார் அனுபவத்தில் நிலம் இருந்தது என்று ஊரில் விசாரித்தார்கள். ஊர் யாருடைய பெயரைச் சொல்லியிருக்கும்? 1931இல் குத்தகைக்குக்கூட நிலம் எடுக்கக் கூடாது என்று யாரைத் தடுத்தார்களோ, அவர்களுடைய பெயரையா?

இன்றைய கணக்கு வருமாறு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். விவசாய நிலப்பரப்பில் அவர்கள் பங்கு அதில் பாதிக்கும் கீழே. இந்தியா முழுவதும் பார்த்தால், மக்கள்தொகையில் 16.6 சதவீதமாக இருக்கும் தலித்துகள் பயிரிடும் நிலம் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் 9 சதவீதத்தைத் தொடவில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2023இல் ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’ தாட்கோ மூலம் தொடங்கப்பட்டது. நிலமற்ற ஆதிதிராவிடர் பெண் தொழிலாளர்கள் நிலம் வாங்க, விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். முத்திரைத்தாள் கட்டணமும் இல்லை. நஞ்சை என்றால் இரண்டரை ஏக்கர், புஞ்சை என்றால் ஐந்து ஏக்கர் வரை வாங்கலாம். விற்பவர் ஆதிதிராவிடர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்பது தாட்கோவின் நில வாங்கும் திட்டங்களில் வழக்கமான நிபந்தனை. நோக்கம் சரிதான்: தலித் நிலமே தலித்துகளுக்குள் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது, புதிதாக நிலம் வர வேண்டும். ஆனால் இந்த நிபந்தனையின் மறுபக்கம் என்ன? ஒரு தலித் பெண் ஆதிக்கச் சாதி உடைமையாளர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவரைச் சம்மதிக்க வைத்து, அவர் குடும்பத்துப் பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கி, பிறகு அலுவலகத்துக்கு வர வேண்டும். 1931இல் தொடங்கிய சங்கிலியை உடைக்கும் பொறுப்பு அவர் தலையில். சும்மாடு கூட இல்லாமல்.

அதோடு விளம்பரத்தின் அளவையும் பாருங்கள். பத்து, இருபது ஏக்கர் ஒரே துண்டாகத்தான் வருகிறது. உடைத்து விற்க உடைமையாளருக்கு விருப்பமில்லை. ஏக்கர் ஐந்து லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் இருபது ஏக்கர் ஒரு கோடி. நன்னிலம் திட்டத்தில் ஒரு பெண் பத்து லட்சத்துக்கு நிலம் வாங்கினால் ஐந்து லட்சம் மானியம், மீதி கடன். பத்துப் பெண்கள் சேர்ந்தால் அந்த ஒரு கோடி வந்துவிடும், ஆளுக்கு இரண்டு ஏக்கர். கணக்கு இடிக்கவில்லை. இடிப்பது நடைமுறை. பத்துப் பேரின் விண்ணப்பமும் ஒரே சமயத்தில் தேறி, மானியமும் கடனும் ஒரே வாரத்தில் வந்து, அதுவரை உடைமையாளர் காத்திருக்க வேண்டும். பெங்களூரிலிருந்து வரும் வாடிக்கையாளர் முன்பணத்தை அன்று மாலையே அனுப்பிவிடுகிறார். திட்டத்துக்கான ஒதுக்கீடும் யோசிக்க வேண்டியது: ஆளுக்கு ஐந்து லட்சம் என்றால் பத்துக் கோடி ரூபாய் 200 பெண்களோடு தீர்ந்துபோகும். 38 மாவட்டத்துக்குப் பிரித்தால் மாவட்டத்துக்கு ஐந்தாறு பேர்.

இது நடக்காத காரியம் என்று கைவிரிப்பவர்களுக்குக் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனை நினைவூட்ட வேண்டும். 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சைக்குப் போன அவரும் ஜெகந்நாதனும் 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளர்களிடம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, மொத்தமாக வாங்கிய நிலத்தை ஆயிரக்கணக்கான தலித் பெண்களின் பெயரில் எழுதினார்கள். காந்தியவாதிகளோடு நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு உண்டு, அது கிடக்கட்டும். தனித்தனியாகப் போனால் மூடப்படும் கதவு, ஒரு அமைப்பு மொத்தமாக வாங்க வரும்போது திறக்கிறது என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள். அந்த இடத்தில் அரசே நிற்கலாமே. பத்து ஏக்கருக்கு மேல் விற்பனைக்கு வரும் விவசாய நிலத்தை முதலில் தாட்கோ வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கலாமே. சிப்காட்டுக்கும் நான்கு வழிச் சாலைக்கும் நிலம் எடுக்கத் தெரிந்த அரசுக்கு, விற்க முன்வந்தவரிடம் சந்தை விலை கொடுத்து வாங்குவது தெரியாதா?

நம்மோடு நிற்கும் நண்பர்களிடமிருந்தே இரண்டு மறுப்புகள் வருகின்றன.

ஒன்று, சூழலியல் நண்பர்களுடையது. தரிசாகக் கிடந்து சீமைக்கருவேலம் மண்டிய இடத்தில் யாரோ மரம் வளர்க்கிறார்கள், நல்லதுதானே? மரம் நல்லதுதான். எந்த மரம், யார் நிலத்தில், யார் ஆடு மேய்ந்த இடத்தில் என்று கேட்காமல் நல்லது என்று சொல்ல முடியாது. புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வரை தைலமரக் காடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நிழலில் புல்கூட ஒழுங்காக முளைக்காதது தெரியும். புதுக்கோட்டை விவசாயிகள் பல வருடமாக அதை எதிர்த்துக் குரல் கொடுக்கிறார்கள். தனியார் தோப்புக்குக் கம்பி வேலி போட்டதும் முதலில் அடைபடுவது ஆட்டுப் பாதை. ஏழைப் பெண்களுக்கு 2011இல் அரசு நான்கு ஆடுகள் கொடுத்தது. மேய்க்க இடம் கொடுக்கவில்லை. மேய்ச்சல் புறம்போக்கில் பாதி ஆக்கிரமிப்பில், மீதி அரசுக் கட்டடத்தில். ஊர்ப் பொது நிலங்களை மீட்டுத் தர வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்த உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு பெரும்பாலும் நீர்நிலையோரக் குடிசைகளைத்தான் இடித்தார்கள். நெல் அறுத்த வயலில் சிந்திக் கிடந்த வைக்கோலைக் கூட்டி அள்ளி ஒரு மாட்டைக் காப்பாற்றிய குடும்பம் இப்போது கட்டு வைக்கோலை விலைக்கு வாங்குகிறது. இயந்திரம் ஒரு துரும்பையும் விட்டுவைப்பதில்லை. விவசாயத் துறையோ ‘பசுமைப் போர்வை’ என்று மரக்கன்றுகளை இலவசமாகத் தருகிறது, பட்டா வைத்திருப்பவருக்கு.

மரம் வளர்ப்பு ஒரு முதலீடு என்ற ஆசையைத் தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்துக்கு ஊட்டியவர்கள் யார் என்பதையும் மறக்க வேண்டாம். தேக்குக்கன்றில் பணம் போட்டால் இருபது வருடத்தில் கோடீஸ்வரர் என்று 1990களில் தொலைக்காட்சி விளம்பரம் செய்த அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998இல் கவிழ்ந்தது. ஏமாந்தவர்களுக்காக செபி புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அந்தத் தேக்குக்குக் குழி வெட்டியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அன்று எந்தப் பத்திரிகையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இரண்டாவது மறுப்பு நம் இளைஞர்களுடையது, அதை நான் மதிக்கிறேன். ‘கிராமத்தை விட்டு வெளியேறு என்றுதானே அம்பேத்கர் சொன்னார்? படித்தவனை மறுபடி ஏன் வயலுக்கு இழுக்கிறீர்கள்?’ அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தியக் கிராமத்தை எப்படிக் கிழித்தெறிந்தார் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பு அவர் வெளியிட்ட ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில், விவசாய நிலம் முழுவதும் அரசின் உடைமையாக வேண்டும், சாதி பேதமின்றிக் குத்தகைக்கு விடப்பட்டுக் கூட்டுப் பண்ணையாகப் பயிரிடப்பட வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசியபோது, கிராமத்தில் நிலமின்றி அல்லாடும் மக்களுக்குத் தான் எதுவும் செய்ய முடியவில்லையே என்று வருந்தினார். அந்த வருத்தத்தைத்தான் தாதாசாகேப் கெய்க்வாட் 1964-65 நிலச் சத்தியாகிரகமாக மாற்றினார். லட்சக்கணக்கானோர் சிறை புகுந்தார்கள். வெளியேறும் உரிமையும் நில உரிமையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. செட்டிநாட்டின் பெரிய குடும்பங்கள் எல்லாம் வெளியேறியவைதான். கையில் நிலத்தை வைத்துக்கொண்டு வெளியேறினார்கள், தேவைப்பட்டபோது அடமானம் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தார்கள், இப்போது நல்ல விலைக்கு விற்கிறார்கள். நம் ஆட்கள் திருப்பூருக்கு ஒரு பையோடு போகிறார்கள். கொரோனா ஊரடங்கில் திரும்பி வந்தபோது அந்தப் பையை இறக்கி வைக்கச் சொந்தமாக ஒரு சென்ட் இருந்ததா இல்லையா என்பதுதான் இரண்டு வெளியேற்றத்துக்கும் உள்ள வித்தியாசம்.

வாங்கிவிட்டால் மட்டும் முடிந்துவிடுமா என்றால், இல்லை. ஆதிக்கச் சாதி நிலங்களுக்கு நடுவில் ஒரு துண்டு கிடைத்தால் வண்டி போகப் பாதை இருக்காது. பாதை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்காது. டிராக்டர்காரர் வர மறுப்பார். கண்மாய் மடையில் கடைசி முறை அவருடையதாக இருக்கும். 1931 தடைகளின் அந்தத் தண்ணீர் விதி எழுத்தில் இல்லாமல் இன்றும் மடையில் உட்கார்ந்திருக்கிறது. எனவே நன்னிலம் போன்ற திட்டத்தில் நிலத்தோடு வண்டிப்பாதையும் நீர்முறையும் பதிவுப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். அது மறுக்கப்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய வேண்டும். கர்நாடகத்தில் பட்டியல் சாதியினருக்கு அரசு வழங்கிய நிலம் கைமாறுவதைத் தடுக்க 1978இலேயே தனிச் சட்டம் இருக்கிறது. இங்கே பஞ்சமி நிபந்தனை பழைய அரசாணையில் கிடக்கிறது, சார்பதிவாளரின் கணினியில் அந்த சர்வே எண்கள் சிவப்பாகத் தெரிந்தால்தானே பத்திரம் நிற்கும்?

சாதிவாரிக் கணக்கெடுப்பு பற்றி இப்போது எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. வேலை, படிப்பு, இடஒதுக்கீடு என்று கேள்விகள் தயாராகின்றன. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று நடக்குமானால், கல்லல் ஒன்றியத்தின் ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டிய சில கேள்விகளை நம் இயக்கங்கள் இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை சென்ட் இருக்கிறது? அது எப்போது, யாரிடமிருந்து வந்தது? கடந்த இருபது வருடத்தில் நிலம் வாங்க முயன்றீர்களா, என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்? உங்கள் நிலத்துக்கு வண்டிப்பாதை உண்டா? கண்மாய் மடையில் உங்கள் முறை எத்தனையாவது?